பில் போட்ட பணம் 45 நாளில் கைக்கு வர: சிறு பட்டறைகளுக்கு முழுமையான வழிகாட்டி

கோவையில் ஜாப் ஆர்டர் செய்கிற பட்டறைகள், பெரிய கம்பெனிகளுக்கு உதிரிப் பாகம் செய்து தருகிற சிறு யூனிட்டுகள் ஆகியவற்றின் பாக்கிக் கணக்கைப் பல வருடமாகப் பார்த்து வருகிறேன். புதிதாக வருகிறவர்கள் ஏறக்குறைய எல்லாருமே ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். பணம் வராமல் ஆறு மாதம் ஓடிய பிறகுதான் சட்டத்தைத் தேடுகிறார்கள். அப்போது கையில் இருப்பது சீல் இல்லாத டெலிவரி சலான், போனில் வாய்வழியாக வந்த ஆர்டர், போன வாரம் எடுத்த உத்யம் சான்றிதழ் (குறு, சிறு தொழில் என்பதற்கு அரசு தரும் பதிவு).

குறு, சிறு நிறுவனத்துக்குத் தர வேண்டிய பணத்தை அதிகபட்சம் 45 நாளில் தந்துவிட வேண்டும் என்ற சட்ட விதி வேலை செய்யும். ஆனால் அது சரக்கு கேட்டைத் தாண்டும் முன்பே தயாராக இருக்கும் பட்டறைக்குத்தான் வேலை செய்யும். அதனால் கீழே உள்ள படிகளின் வரிசையை மாற்ற வேண்டாம்.

தொடங்கும் முன் இவை மேஜையில் இருக்கட்டும்: உத்யம் சான்றிதழ், கடந்த 3 வருட விற்பனை லெட்ஜர் (பார்ட்டி வாரியாக), பிஓக்கள் (வாங்குபவர் தரும் பர்ச்சேஸ் ஆர்டர்), டெலிவரி சலான்கள், வங்கி ஸ்டேட்மென்ட், ஜிஎஸ்டி ரிட்டர்ன்கள். ஏதாவது ஒன்று இல்லையென்றால் அதை இன்றே தேடத் தொடங்குங்கள். சண்டை வந்த பிறகு வாங்குபவரின் ஸ்டோர்ஸில் போய் நகல் கேட்டால் கிடைக்காது.

1. நீங்கள் கொடுக்கிற கடனுக்கு விலை போடுங்கள்

பில் போட்டு 90 நாள் கழித்துப் பணம் வாங்குகிறவர் சரக்கு மட்டும் விற்கவில்லை, கடனும் கொடுக்கிறார். அந்தக் கடனின் விலையைப் பெரும்பாலான கொட்டேஷன்களில் யாரும் சேர்ப்பதில்லை.

கணக்கு எளிது. 1 லட்ச ரூபாய் பில்லில் உங்கள் லாபம் 10,000 என்று வைத்துக்கொள்வோம். சம்பளமும் கரண்ட் பில்லும் கட்ட வெளியில் நூற்றுக்கு 2 வட்டிக்கு வாங்குகிறீர்கள். 90 நாளில் வட்டி 6,000. மிஞ்சுவது 4,000. பார்ட்டி 150 நாள் இழுத்தால் லாபம் முழுக்கப் போய்விடும், உழைத்தது இலவசம்.

இதோடு ஜிஎஸ்டியும் சேரும். பணம் வந்தாலும் வராவிட்டாலும், பில் போட்ட மாதத்துக்கான வரியை அடுத்த மாதம் கட்டியாக வேண்டும். 18 சதவீத வரி உள்ள பொருள் என்றால் 1 லட்ச ரூபாய் பில்லுக்கு 18,000 ரூபாயை நீங்கள் முன்பணமாகப் போடுகிறீர்கள்.

இந்தக் கணக்கை ஒவ்வொரு பார்ட்டிக்கும் தனித்தனியாகப் போட்டுப் பாருங்கள். "நல்ல பார்ட்டி, ஆர்டர் நிறைய தருவாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்த இரண்டு பேராவது நஷ்டப் பட்டியலில் வருவார்கள். அவர்களுக்கு அடுத்த கொட்டேஷனில் கடன் நாளுக்கு ஏற்ப விலை ஏற வேண்டும், அல்லது கடன் நாள் குறைய வேண்டும்.

2. உத்யம் பதிவு: முதல் சரக்குக்கு முன்னால்

தாமதப் பணத்துக்கான பாதுகாப்பு 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டத்தில் இருக்கிறது. பெயரில் நடுத்தரமும் இருக்கிறது. ஆனால் தாமதப் பணப் பிரிவுகள் குறு, சிறு நிறுவனங்களுக்கு மட்டும்தான்.

2025 ஏப்ரல் 1 முதல் உள்ள அளவு: இயந்திர முதலீடு 2.5 கோடி வரை, விற்றுமுதல் 10 கோடி வரை என்றால் குறு. முதலீடு 25 கோடி, விற்றுமுதல் 100 கோடி வரை சிறு. இரண்டு வரம்புக்கும் உள்ளே இருக்க வேண்டும்; ஒன்றைத் தாண்டினாலும் அடுத்த வகைக்குப் போய்விடுவீர்கள்.

பதிவு இலவசம். ஆதாரும் பான் எண்ணும், ஜிஎஸ்டி பதிவு கட்டாயமானவர்களுக்கு ஜிஎஸ்டி எண்ணும் இருந்தால் போதும். "நாங்கள் எடுத்துத் தருகிறோம்" என்று காசு கேட்கிற தனியார் தளங்கள் அரசுத் தளம் மாதிரியே இருக்கும், பார்த்துப் போங்கள்.

ஏன் முதல் சரக்குக்கு முன்னால்? பதிவுக்கு முன் நடந்த சப்ளைக்கு இந்தச் சட்டத்தின் பலன் கிடைக்காது என்று 2021இல் சில்ப்பி இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியில் இன்னொரு அமர்வு இந்தக் கேள்வியைப் பெரிய அமர்வுக்கு அனுப்பியது. அந்த விவாதத்தை வக்கீல்கள் நடத்தட்டும். உங்கள் சான்றிதழில் உள்ள தேதி பிஓ தேதிக்கு முந்தியதாக இருந்தால் இந்தத் தலைவலியே இல்லை.

பொதுவான தவறு: வாங்கி விற்கும் வியாபாரியும் உத்யம் எடுக்கலாம், 2021 ஜூலையில் அதற்கு அனுமதி வந்தது. ஆனால் அது வங்கிக் கடனில் முன்னுரிமை பெறுவதற்கு மட்டும். 45 நாள் விதியை வைத்துப் புகார் செய்ய அது உதவாது. பட்டறையும் வைத்து வியாபாரமும் செய்கிறவர்கள் உற்பத்தி, சேவைக்கான தொழில் குறியீடுகள் சான்றிதழில் ஏறியிருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

3. பிஓவில் மூன்று வரி

ஒன்று, பணம் தர வேண்டிய நாள். எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அந்த நாள், ஆனால் சரக்கை ஏற்ற நாளிலிருந்து 45 நாளுக்கு மேல் போகக் கூடாது. எழுத்தில் எதுவும் இல்லையென்றால் 15 நாள்தான். பிஓவில் "90 நாள்" என்று அச்சிட்டிருந்தாலும் சட்டத்தின் முன் அது செல்லாது. கையெழுத்துப் போட்டுவிட்டோமே என்று பலர் பயப்படுகிறார்கள், பயப்பட வேண்டாம்.

இரண்டு, நாள் எங்கிருந்து தொடங்குகிறது என்பது. "பில் புக் ஆன தேதியிலிருந்து", "எங்கள் வாடிக்கையாளர் பணம் தந்த பிறகு" என்ற வரிகள் இருந்தால் அடித்துவிட்டு "சரக்கு ஸ்டோர்ஸில் இறங்கிய தேதியிலிருந்து" என்று மாற்றச் சொல்லிக் கேளுங்கள். மாற்ற மறுத்தால் உங்கள் ஆர்டர் ஏற்புக் கடிதத்தில் இதை எழுதி மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள்.

மூன்று, உங்கள் உத்யம் எண். பிஓவில் இல்லாவிட்டாலும் உங்கள் ஒவ்வொரு பில்லிலும் அச்சாக வேண்டும். "நீங்கள் சிறு நிறுவனம் என்று எங்களுக்குத் தெரியாது" என்ற பதிலை இதுதான் அடைக்கும்.

வாட்ஸ்அப்பில் ஆர்டர் வருவது இப்போது சகஜம். வரட்டும். அன்றைக்கே அதைப் பார்ட்டியின் அலுவலக மின்னஞ்சலுக்கு "உங்கள் ஆர்டர் இது, விலை இது, பணம் இத்தனை நாளில்" என்று திருப்பி எழுதி அனுப்புங்கள். ஐந்து நிமிட வேலை. பர்ச்சேஸ் ஆள் வேலை மாறிப் போன பிறகு அந்த ஐந்து நிமிடத்தின் அருமை தெரியும்.

4. சரக்கு இறங்கும் நாள்

மொத்த வழிகாட்டியில் ஒரு பகுதியை மட்டும்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். நான் பார்த்த கேஸ்களில் பாதிக்கு மேல் இங்கேதான் கோட்டை விட்டிருக்கிறார்கள்.

சட்டம் நாளை எண்ணுவது பில் தேதியிலிருந்து இல்லை, சரக்கை ஏற்ற தேதியிலிருந்து. ஏற்றது என்றைக்கு? சரக்கு இறங்கி 15 நாளுக்குள் வாங்குபவர் எழுத்தில் ஆட்சேபம் சொல்லவில்லையென்றால், இறங்கிய நாளே ஏற்ற நாள். எழுத்தில் ஆட்சேபம் சொன்னால், நீங்கள் குறையைச் சரிசெய்த நாள்தான் ஏற்ற நாள்.

ஆகவே இரண்டு விஷயத்தை நிரூபிக்க வேண்டும்: என்று இறங்கியது, 15 நாளுக்குள் எழுத்தில் எதுவும் வரவில்லை.

முதலாவதற்கு டெலிவரி சலானில் வாங்குபவரின் ரவுண்டு சீல், தேதி, பெற்றவர் பெயர் மூன்றும் வேண்டும். கிறுக்கலாக ஒரு கையெழுத்து போதாது. வண்டி ஓட்டிப் போகிற தம்பியிடம் "சீல் இல்லாமல் திரும்பி வராதே" என்று சொல்லி அனுப்புங்கள். கேட் செக்யூரிட்டி போடும் இன்வர்டு சீலும் பயன்படும், ஸ்டோர்ஸ் சீல் இன்னும் நல்லது. கம்பெனி ஜிஆர்என் எண் (சரக்கு பெற்றதற்கான ரசீது எண்) தருகிறதென்றால் அதை அன்றே கேட்டு சலானில் எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் சலானைப் போட்டோ எடுத்து மாதவாரியாக ஒரு ஃபோல்டரில் போடுங்கள். கார்பன் நகல் ஒரு வருடத்தில் மங்கிவிடும்.

இரண்டாவதில் ஒரு சூட்சுமம் உண்டு. நாலு மாதம் கழித்துப் பணம் கேட்டால் திடீரென்று "ரிஜெக்‌ஷன் இருக்கு" என்பார்கள், பில்லில் அந்தத் தொகையைக் கழித்து டெபிட் நோட் வரும். 15 நாளுக்குள் எழுத்தில் வராத ரிஜெக்‌ஷனை அப்படியே ஏற்றுக்கொள்ளாதீர்கள். "இந்தச் சரக்கு இந்தத் தேதியில் இறங்கியது, 15 நாளுக்குள் எந்த ஆட்சேபமும் வரவில்லை, ஆகவே இந்த டெபிட் நோட்டை ஏற்கவில்லை" என்று உடனே மின்னஞ்சல் அனுப்புங்கள். மௌனமாக இருந்தால் ஒப்புக்கொண்டதாகப் பேசுவார்கள். நிஜமாகவே பீஸ் தப்பாகியிருந்தால் அதை மட்டும் மாற்றிக் கொடுங்கள். பத்து பீஸ் தப்பு என்பதற்காக ஆயிரம் பீஸுக்கான பணம் நிற்கக் கூடாது.

கூடுதலாக இரண்டு சாட்சிகள் உங்கள் கணக்கிலேயே இருக்கின்றன. உங்கள் பில்லுக்கு வாங்குபவர் உள்ளீட்டு வரிச் சலுகை (உங்களுக்குத் தந்த ஜிஎஸ்டியைத் தன் வரியில் கழித்துக்கொள்வது) எடுத்திருந்தால், அல்லது டிடிஎஸ் (உங்கள் பணத்தில் பிடித்துக் கட்டும் வருமான வரி) பிடித்துக் கட்டியிருந்தால், அந்தப் பில்லை அவர் தன் புத்தகத்தில் ஏற்றியிருக்கிறார் என்று அர்த்தம். "பில்லே வரவில்லை" என்பவரிடம் டிடிஎஸ் பதிவைக் காட்டுங்கள், பேச்சு அடங்கும்.

5. வாரம் ஒருமுறை பாக்கிப் பட்டியல்

சனிக்கிழமை மாலை அரை மணி நேரம் ஒதுக்குங்கள். பார்ட்டி, பில் எண், சரக்கு இறங்கிய தேதி, கெடு நாள், வந்த தொகை, மீதி. இவ்வளவுதான். டேலியில் பில் வாரியாகப் பதிவு செய்தால் இது தானாக வரும்.

பலர் "ஆன் அக்கவுண்ட்" என்று மொத்தமாக வரவு வைத்துவிடுகிறார்கள். பிறகு எந்தப் பில் பாக்கி என்று யாருக்கும் தெரியாது. புகாரில் பில் வாரியாகத் தொகை கேட்பார்கள். அப்போது மூன்று வருடக் கணக்கைப் பிரிக்க உட்கார்ந்தால் தலை சுற்றும்.

மார்ச் முடிந்ததும் ஏப்ரலில் ஒவ்வொரு பார்ட்டிக்கும் பாக்கி உறுதிக் கடிதம் அனுப்பிக் கையெழுத்து வாங்குங்கள். காரணம் காலவரையறை. பாக்கிக்கு வழக்குப் போட 3 வருடம்தான் கெடு. அந்தக் கெடுவுக்குள் கடனை ஒப்புக்கொண்டு எழுத்தில் கையெழுத்து வந்தால் அன்றிலிருந்து புதிதாக 3 வருடம் கிடைக்கும். கெடு முடிந்த பிறகு வாங்கிய கையெழுத்தால் இந்தப் பயன் இல்லை.

6. கேட்பதிலும் ஒரு வரிசை

கெடு நாளுக்கு ஒரு வாரம் முன்பு அக்கவுண்ட்ஸுக்கு ஒரு நினைவூட்டல். பர்ச்சேஸுக்கு இல்லை, பர்ச்சேஸ் ஆளுக்குச் சரக்கு வந்ததோடு கவலை முடிந்தது. "சார், இந்தப் பில் பேமென்ட் ஷெட்யூலில் இருக்கிறதா?" என்ற கேள்வி போதும். பாதித் தாமதம் வேண்டுமென்று செய்வதல்ல. பில் ஏதோ ஒரு மேஜையில் தூங்கும், அல்லது ஜிஆர்என் எண் பொருந்தாமல் நிற்கும். கெடுவுக்கு முன் கேட்டால் இது தெரிந்துவிடும்.

கெடு தாண்டியதும் மின்னஞ்சல். வட்டியைப் பற்றி ஒரு வரி, மிரட்டல் இல்லாமல்.

வாங்குபவருக்கு உங்களை விட அவருடைய ஆடிட்டர் மேல் பயம் அதிகம். அந்தப் பயத்தைப் பயன்படுத்துங்கள். 43பி(எச்) என்று ஆடிட்டர்கள் சொல்லும் வருமான வரி விதி 2023 நிதிச் சட்டத்தில் வந்து 2024 ஏப்ரல் முதல் நடப்புக்கு வந்தது. குறு, சிறு நிறுவனத்துக்கு 15 அல்லது 45 நாள் கெடுவுக்குள் தராத தொகை மார்ச் 31 தாண்டியும் பாக்கி நின்றால், அந்த வருடம் அதைச் செலவாகக் கழிக்க முடியாது. பணம் தந்த வருடத்தில்தான் கழிக்கலாம். அதாவது தராத பணத்துக்கும் சேர்த்து வரி கட்ட வேண்டும்.

அதனால் பிப்ரவரி நடுவில் உத்யம் சான்றிதழும் பாக்கிப் பட்டியலும் இணைத்து வாங்குபவரின் அக்கவுண்ட்ஸுக்கு ஒரு கடிதம் போடுங்கள். கடுமையாக எழுத வேண்டாம். "உங்கள் ஆண்டு இறுதிக் கணக்குக்கு உதவியாக" என்று தொடங்கினால் போதும், செய்தி போய்ச் சேரும். மார்ச் கடைசி வாரத்தில் வருடக்கணக்காக நின்ற பணம் வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

இதற்கு எதிர்வினையாகச் சிலர் "உத்யத்தை ரத்து பண்ணுங்க, ஆர்டர் தர்றோம்" என்பார்கள். ரத்து செய்தால் கையில் இருக்கும் ஒரே பிடியும் போய்விடும். ஆர்டரின் கணக்கை முதல் படியில் போட்ட மாதிரி போட்டுப் பார்த்து முடிவெடுங்கள்.

வாங்குபவர் கம்பெனியாக இருந்தால் இன்னொரு பிடியும் உண்டு. 45 நாளுக்கு மேல் நிற்கும் குறு, சிறு நிறுவனப் பாக்கியை ஆறு மாதத்துக்கு ஒருமுறை எம்எஸ்எம்இ-1 படிவத்தில் கம்பெனி விவகார அமைச்சகத்துக்குக் காட்ட வேண்டும். அக்டோபர் 31, ஏப்ரல் 30 கெடு நாட்கள். பில் தேதியிலிருந்து 180 நாளில் பணம் தராவிட்டால், எடுத்த ஜிஎஸ்டி உள்ளீட்டு வரியை வட்டியோடு திருப்பவும் வேண்டும். 150ஆம் நாள் அனுப்பும் கடிதத்தில் இதை நினைவூட்டுங்கள்.

7. பணம் வரும்வரை எதை வைத்து ஓட்டுவது

இங்கே அவசரப்பட்டால் பட்டறையே கைமாறிவிடும். மலிவானதிலிருந்து தொடங்கி வரிசையாகப் பாருங்கள்.

முதலில் ட்ரெட்ஸ், அதாவது பில்லை வைத்துக் கெடுவுக்கு முன்பே பணம் வாங்க உதவும் இணையத் தளம். வாங்குபவர் ஒப்புக்கொண்ட பில்லை வங்கிகள் ஏலத்தில் எடுத்து, வட்டியைக் கழித்துக்கொண்டு, ஓரிரு வேலை நாளில் உங்கள் கணக்கில் போடும். கெடு நாளில் வங்கி வாங்குபவரிடம் வசூலித்துக்கொள்ளும். ஆர்எக்ஸ்ஐஎல், எம்ஒன்எக்ஸ்சேஞ்ச், இன்வாய்ஸ்மார்ட் ஆகியவை ரிசர்வ் வங்கி அனுமதியோடு 2017 முதல் இதை நடத்துகின்றன.

இது ஏன் மலிவு? வட்டி உங்கள் பெயரை வைத்து இல்லை, பெரிய கம்பெனியின் கடன் தரத்தை வைத்து முடிவாகிறது. அடமானமும் வேண்டாம். வாங்குபவர் கட்டாமல் விட்டாலும் வங்கி உங்களிடம் திரும்பி வராது. 1 லட்சம் பில்லுக்கு 90 நாள், ஆண்டுக்கு 9 சதவீதம் என்று வைத்தால் செலவு சுமார் 2,220 ரூபாய். அதே பணத்துக்கு வெளியில் நூற்றுக்கு 3 வட்டி என்றால் 9,000.

முட்டுக்கட்டை ஒன்றுதான்: வாங்குபவரும் தளத்தில் இருந்து பில்லை ஒப்புக்கொள்ள வேண்டும். 250 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ள கம்பெனிகள் 2025 மார்ச் 31க்குள் தளத்தில் சேர்ந்திருக்க வேண்டும் என்பது அரசு உத்தரவு. சேர்வது வேறு, உங்கள் பில்லை ஒப்புக்கொள்வது வேறு. அதனால் புது ஆர்டர் பேசும்போதே "ட்ரெட்ஸில் பில் ஏற்றலாமா?" என்று கேட்டுவிடுங்கள். சரக்கு போன பிறகு கேட்டால் பதில் வராது. உங்கள் பதிவையும் நெருக்கடி வருவதற்கு முன்பே முடித்து வையுங்கள். ஆவணம் சேர்த்துச் சரிபார்க்க நாள் பிடிக்கும்.

இரண்டாவது வங்கியின் கேஷ் கிரெடிட், அதாவது ஒரு லிமிட்டுக்குள் தேவைக்கு எடுத்துக் கட்டும் கடன். எவ்வளவு கேட்பது என்று தெரியாமல் பலர் குறைத்துக் கேட்கிறார்கள். 5 கோடி வரையான லிமிட்டுக்கு, அடுத்த வருடம் எதிர்பார்க்கும் விற்றுமுதலில் 20 சதவீதம் என்பது வங்கிகளின் வழக்கமான கணக்கு. 1 கோடி விற்பனை என்றால் 20 லட்சம் கேட்கலாம். சொத்து அடமானம் இல்லாதவர்கள் அடமானத்துக்குப் பதிலாக வங்கிக்குப் பொறுப்பேற்கும் சிஜிடிஎம்எஸ்இ உத்தரவாதம் பற்றிக் கேளுங்கள். 2025 ஏப்ரலிலிருந்து 10 கோடி வரை உண்டு.

இதில் ஒரு பொறி இருக்கிறது. மாதாமாதம் ஸ்டாக் ஸ்டேட்மென்ட் கொடுக்கும்போது, பொதுவாக 90 நாளுக்கு மேல் நின்ற பாக்கியை வங்கி கணக்கில் எடுக்காது. பார்ட்டி தாமதிக்கத் தாமதிக்க உங்கள் எடுக்கும் வரம்பும் சுருங்கும். பணம் மிகவும் வேண்டிய மாதத்தில்தான் கை கட்டப்படும். இதைத் தவிர்க்கப் பழைய பில்லைப் புது பில் போலக் காட்டுகிறவர்கள் உண்டு. ஸ்டாக் ஆடிட்டில் மாட்டினால் லிமிட்டே போய்விடும். அதற்குப் பதிலாக 75ஆம் நாள் வரும் பில்லைத் துரத்துங்கள், அதுதான் வரம்பைக் காப்பாற்றும்.

கடைசியில் வெளி வட்டி. ஒரு வாரச் சம்பளத்துக்கு, வரப்போகும் தேதி உறுதியான பணத்துக்கு எதிராக மட்டும். எப்போது வரும் என்று தெரியாத பாக்கியை நம்பி மீட்டர் வட்டியோ தண்டலோ வாங்காதீர்கள். நூற்றுக்கு 3 என்று கேட்கும்போது சின்னதாகத் தெரிகிறது, வருடத்துக்கு 36 சதவீதம். எந்தப் பட்டறை லாபமும் அதைத் தாங்காது. வாங்கியே ஆக வேண்டுமென்றால் வெற்றுப் பத்திரத்திலும் நிரப்பாத காசோலையிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

8. சரக்கைப் பிடித்து வைக்கலாமா?

ஜாப் ஆர்டர்காரர்கள் எல்லாரும் கேட்கிற கேள்வி. மெட்டீரியல் பார்ட்டியுடையது, வேலை நம்முடையது. "பழைய பாக்கி தந்தால்தான் இந்த லாட் போகும்" என்று நிறுத்தலாமா?

ஒப்பந்தச் சட்டத்தின் 170ஆவது பிரிவு, ஒரு பொருளில் செய்த வேலைக்கான கூலி வரும்வரை அந்தப் பொருளைப் பிடித்து வைக்க உரிமை தருகிறது. ஆனால் அந்தப் பொருளுக்கு, அந்த வேலைக்கு மட்டும். போன லாட்டின் பாக்கிக்காக இந்த லாட்டை நிறுத்த இது இடம் தராது. கூலியைக் கடனுக்கு விடுகிறோம் என்று ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருந்தால் அந்த உரிமையும் இல்லை.

கோபத்தில் மெட்டீரியலைப் பூட்டி வைத்தால் நம்பிக்கை மோசடி என்று போலீஸில் புகார் போகலாம். அப்போது பாக்கிக்காரர் நீங்கள் ஆகிவிடுவீர்கள். புது லாட்டை வாங்க மறுப்பது உங்கள் உரிமை, அதைச் செய்யுங்கள். உள்ளே வந்ததைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

9. காசோலை வாங்கியிருந்தால்

பின்தேதியிட்ட காசோலை வாங்குவது நல்ல பழக்கம், நாட்களைத் தவற விடாவிட்டால். காசோலையில் உள்ள தேதியிலிருந்து 3 மாதத்துக்குள் வங்கியில் போட வேண்டும். திரும்பினால் வங்கியின் மெமோ கைக்கு வந்து 30 நாளுக்குள் எழுத்து நோட்டீஸ். அது கிடைத்து 15 நாளில் பணம் வராவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் நீதிமன்றத்தில் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆவது பிரிவின் கீழ் புகார்.

"அடுத்த வாரம் போடுங்க" என்று போனில் சொல்லிச் சொல்லியே அந்த 30 நாளை ஓட்டிவிடுவார்கள். போடச் சொன்னால் போடுங்கள். ஆனால் மெமோ வந்த தேதியைச் சுவர்க் காலண்டரில் சிவப்பில் வட்டமிடுங்கள்.

10. வட்டிக் கணக்கோடு நோட்டீஸ்

கெடு தாண்டி இரண்டு மாதம், மின்னஞ்சலுக்குப் பதில் இல்லை. இனி பதிவுத் தபால்.

வட்டி, ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி. ரெப்போ ரேட்டை எடுத்துக் கணக்குப் போடுவது அடிக்கடி நடக்கிற தவறு. இரண்டும் வேறு எண்கள். பேங்க் ரேட் 2025 ஜூனில் 5.75 சதவீதமாக இருந்தது. அந்த விகிதத்தில் மூன்று மடங்கு 17.25, மாதத்துக்கு 1.4375. 2 லட்சம் ஆறு மாதம் நின்றால் வட்டி 17,882 ரூபாய். விகிதம் மாறிக்கொண்டே இருக்கும், அன்றைய எண்ணைப் பார்த்துப் போடுங்கள்.

நோட்டீஸில் பில் வாரியாக அசல், இறங்கிய தேதி, கெடு நாள், வட்டி ஆகிய நான்கும் அட்டவணையாக வரட்டும். வாங்குபவர் இந்த வட்டியை வருமான வரியில் செலவாகக் காட்ட முடியாது என்பதையும் ஒரு வரியில் சேருங்கள். வசவு வேண்டாம். பிறகு இதே தாள்தான் புகாருக்கு இணைப்பாகப் போகும்.

11. கவுன்சிலில் புகார்

கவுன்சில் என்பது இந்தச் சட்டத்தின் கீழ் தாமதப் பணப் புகார்களைக் கேட்கும் அமைப்பு. புகார் இணையத்தில்தான். சமாதான் தளம் 2017 அக்டோபரில் வந்தது. 2025 ஜூனில் ஓடிஆர் என்ற இணையவழித் தகராறு தீர்வுத் தளம் தொடங்கியது. உத்யம் எண்ணும் அதோடு இணைந்த மொபைலும் தேவை. பழைய மொபைல் எண் தொலைந்துபோய் ஓடிபி வராமல் நின்றவர்கள் பலர். அதை முதலில் சரிசெய்யுங்கள். தளத்தில் திணறினால் மாவட்டத் தொழில் மையத்துக்கு நேரில் போய்க் கேளுங்கள்.

பார்ட்டி புனேயில் இருந்தாலும் குர்கானில் இருந்தாலும் நீங்கள் அங்கே போக வேண்டாம். உங்கள் பட்டறை இருக்கும் பகுதியின் கவுன்சிலுக்குத்தான் அதிகாரம்.

முதலில் சமரசப் பேச்சு. இங்கேயே பல பாக்கிகள் முடிந்துவிடும், பெரும்பாலும் வட்டியில் விட்டுக்கொடுத்து. எவ்வளவு விடலாம் என்பதை வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு போங்கள். அங்கே உட்கார்ந்து யோசித்தால் தேவைக்கு மேல் விட்டுவிடுவீர்கள்.

சமரசம் ஆகாவிட்டால் நடுவர் விசாரணை. புகார் கொடுத்ததிலிருந்து 90 நாளில் எல்லாம் முடிய வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அதைவிட நீளும், அதற்கேற்ப மனதையும் பணத்தையும் தயார் செய்யுங்கள். தீர்ப்பை எதிர்த்து வாங்குபவர் நீதிமன்றம் போனால் தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்ட வேண்டும். சிறு பட்டறைக்கு இந்தச் சட்டத்தில் கிடைத்த பெரிய பலம் இது. எதிர்க்காமலும் கட்டாமலும் இருந்தால் நீதிமன்றத்தில் நிறைவேற்று மனு போட வேண்டும். அதற்கு வக்கீல் தேவை. பார்ட்டியின் வங்கிக் கணக்கு விவரமும் தேவை, அது பழைய காசோலை நகலில் இருக்கும்.

ஓடிக்கொண்டிருக்கிற பார்ட்டி மேல் புகார் செய்தால் ஆர்டர் நிற்கும் என்ற பயம் நியாயமானது. நான் சொல்வது இது: மொத்த விற்பனையில் பாதிக்கு மேல் ஒரே பார்ட்டி என்றால், முதலில் இரண்டு புதுப் பார்ட்டி பிடியுங்கள், பிறகு புகார் செய்யுங்கள். 3 வருடக் கெடுவை மட்டும் தாண்டவிடாதீர்கள்.

12. பணம் வரும்போது

பணம் வந்த அன்றே இது எந்தப் பில்லுக்கு என்று பாருங்கள். பார்ட்டி குறிப்பிட்டிருந்தால் அதற்குத்தான் வரவு வைக்க வேண்டும். எதுவும் சொல்லாமல் அனுப்பியிருந்தால் தேர்வு உங்களுடையது. பழைய பில்லுக்கு வரவு வைத்து, அப்படி வைத்ததை மின்னஞ்சலில் தெரிவித்துவிடுங்கள். பில் தொகைக்கும் வந்த தொகைக்கும் சின்ன வித்தியாசம் இருந்தால் சண்டைக்குப் போகும் முன் டிடிஎஸ் பிடித்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

பாதித் தொகையோடு ஒரு கடிதம் நீட்டி, "முழுக் கணக்கும் முடிந்தது, இனி பாக்கி இல்லை" என்ற வரிக்குக் கீழே கையெழுத்துக் கேட்பார்கள். பணத்தைப் பார்த்த மகிழ்ச்சியில் போட்டுக்கொடுத்துவிட்டு மறுநாள் என்னிடம் வருகிறவர்கள் வருடத்துக்கு நாலு பேராவது இருக்கிறார்கள். கையெழுத்துப் போடத்தான் வேண்டுமென்றால் மேலே உங்கள் கையால் "இன்ன பில் எண்களுக்கு மட்டும், இவ்வளவு தொகை பெற்றேன், மீதியும் வட்டியும் நிலுவை" என்று எழுதி, தேதி போட்டு, அதன் கீழே கையெழுத்துப் போடுங்கள். அந்தத் தாளின் நகல் ஒன்று உங்கள் ஃபைலுக்கு.